நானூறு பங்காகிய வட்டம்

வட்டமொன்றை 360 பாகைகளாகவும், பாகையை 60 கலைகளாகவும், கலையை 60 விகலைகளாகவும் வகுத்தல் பழைய பாபிலோனியர் வழிவந்த வழக்கமாகும். நாளொன்றை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் எண்ணிய தமிழருக்கு இவ்வறுபதின் கணக்குப் புதியதன்று. நில அளவையாளரும் நெடுங்காலமாக இதனையே கைக்கொண்டனர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சு தேசத்தார் இதனை மாற்ற முற்பட்டனர்.

முடியாட்சியை அகற்றிய அந்நாட்டார், ஊருக்கூர் வேறுபட்டுக் கிடந்த அளவைகளையும் அகற்றத் துணிந்தனர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்திற் கோடியில் ஒரு கூறே மீற்றர் என வகுக்கப்பட்டது. செங்கோணம் 100 கிறேட்டாகவும், முழுவட்டம் 400 கிறேட்டாகவும் ஆயின. இதில் ஓர் அழகுண்டு. பூமியின் மேல் வடக்குத் தெற்காக ஒரு கிறேட் சென்றால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். அதன் நூற்றிலொரு பங்கு ஒரு கிலோமீற்றர். கோணம் தெரிந்தவுடன் தூரமும் கைக்கு வந்துவிடும்.

ஆயின், கோணத்தை மாற்றினால் மடக்கை, சைன் அட்டவணைகள் யாவற்றையும் புதிதாகக் கணித்தல் வேண்டுமே! நிலவரியை நேர்மையாக விதிப்பதற்கென நாட்டின் காணிகளை அளக்கும் பகுதிக்குத் தலைவராயிருந்த புரோனி என்பார் அப்பொறுப்பை ஏற்றார். கணித மேதைகள் சிலர் சூத்திரங்களை வகுத்தனர்; அடுத்த குழுவினர் அவற்றை எண்களாக்கினர்; மூன்றாங் குழுவினர் கூட்டலும் கழித்தலும் மாத்திரமே செய்தனர். பிரபுக்கள் குலம் வீழ்ந்தமையாற் பிழைப்பிழந்த சிகையலங்காரக்காரர் பலர் இக்குழுவிலே இருந்தனர் என்பர். கணக்கறியாதவரைக் கொண்டு பெருங்கணக்கை முடித்த இவ்வேற்பாடே, பின்னாளிற் கணிப்பொறியை எண்ணிய ஆங்கிலேயரான பாபேச்சின் சிந்தையைத் தூண்டியது. ஆனால் நாணயத்தின் மதிப்பு வீழ்ச்சியுற்றபடியால் அச்சுவேலை தடைப்பட்டது. சுருங்கிய வடிவமொன்று 1891 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது.

இனி மாற்றுமுறையைக் கவனிப்போம். 100 கிறேட் 90 பாகையாதலால், கிறேட்டை ஒன்பதாற் பெருக்கிப் பத்தால் வகுக்கப் பாகை கிடைக்கும். பாரிஸ் நெடுங்கோடு கிறீனிச்சுக்குக் கிழக்கே 2.5969213 கிறேட் எனப் பிரெஞ்சுப் படங்கள் குறித்தன. அது 2.337229 பாகையாகும். தசமப் பகுதியை 60 ஆற் பெருக்க 20.2337 கலை, எஞ்சிய தசமத்தை மீண்டும் 60 ஆற் பெருக்க 14 விகலை. ஆகவே 2 பாகை, 20 கலை, 14 விகலை.

கிறேட்டைப் பாகையாக்குவதிற் பிழை நேர்வது அரிது. பாகையின் தசமத்தைக் கலையெனக் கொள்வதிலேதான் ஆபத்து. 20.30 பாகை என்பது 20 பாகை 18 கலை. அதனை 20 பாகை 30 கலை எனப் படித்தவன் 12 கலை தவறினான். 20.72 என்றிருந்தால் 72 கலை என ஒன்றில்லையே என்று விழித்துக்கொள்வான். 30 என்னும் எண்ணோ ஐயத்திற்கு இடமளியாது. ஒரு மைல் நீளமுள்ள எல்லைக் கோட்டின் முடிவில் இப்பிழை 18 அடிக்கு மேற் போகும். 18 அடி அயலானுடைய காணிக்குட் புகுந்துவிட்டால், பின்னர் அதனைத் தீர்ப்பது கோணமானியன்று, நீதிமன்றமேயாகும். கிறேட்டைப் பாகையென்றே மயங்கினாலோ கேடு இன்னும் பெரிது: 50 கிறேட் 45 பாகையே, 1000 அடித் தூரத்தில் ஏறத்தாழ 87 அடி விலகும். எனினும் இத்தகைய பெரும்பிழை கண்ணுக்குத் தப்பாது; சிறுபிழையே வேலியாகி நிலைத்துவிடும்.

அதே காலத்தில், நாளைப் பத்து மணியாகப் பகுக்கும் கட்டளையும் 1793 இற் பிறந்து, 1795 இல் நிறுத்தப்பட்டது. நேரக்கணக்கு யாவரது வாழ்விலும் கலந்திருந்தமையாற் போலும், மக்கள் அதனை ஏற்றிலர். கிறேட்டோ அளவையாளர் கையிலேயே இருந்தமையாற் பிழைத்தது. இன்று 'கொன்' என்னும் பெயருடன் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அது வழங்குகின்றது. மின்னணு அளவைக் கருவிகளிற் பாகையா, கொன்னா என முதலிலே தெரிந்தெடுத்தல் வேண்டும். முந்திய நாளில் வேறொருவர் பயன்படுத்திய கருவியாயின், அத்தெரிவைப் பார்த்த பின்னரே முதற் கோணத்தைக் குறித்தல் அனுபவமுடையோர் வழக்கம்.