ஸ்டாலின் மகள் பெற்றதும் இழந்ததும்



ஆளும் குடும்பத்தை உதறிவிட்டு அயல்நாட்டில் புதுவாழ்வு தொடங்குகிறவர்கள் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஸ்டாலின் மகள் ஸ்வெட்லானாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. பெயரைக் கேட்டதும் முன்வரிசையிலே சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீங்க. பயப்படாதீங்க, இது மாஸ்கோ ஸ்டாலின்! (சிரிப்பு)

"சுதந்திரம் கிடைத்தது, புத்தகம் எழுதினார், பணம் கொட்டியது" என்றார் அம்மையார். சரிங்க. ஆனா அந்தப் பெண் எதுக்காக நம்ம நாட்டுக்கு வந்தார்னு சொல்லாமலே விட்டுட்டீங்களே! கதையே அங்கேதானே இருக்கு?

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலே காலாகாங்கர் என்று ஓர் ஊர். அந்த ஊர் ராஜ குடும்பத்துப் பிள்ளை பிரஜேஷ் சிங். ராஜ வம்சம், ஆனா கம்யூனிஸ்ட்! 1963-ல் வைத்தியத்துக்காக மாஸ்கோ போன இடத்திலே, ஆஸ்பத்திரியில், ஸ்வெட்லானாவைச் சந்திக்கிறார். இரண்டு பேருமே நோயாளிகள். மனசு ஒத்துப்போச்சு. கல்யாணத்துக்கு அனுமதி கேட்டால், பிரதமர் கோசிஜின் முடியாது என்கிறார். அப்பன் செத்துப் பத்து வருஷத்துக்கு மேலே ஆகுது; மகள் கல்யாணத்துக்கு நாட்டின் பிரதமர் தலையசைக்கணும்! 1966 அக்டோபர் கடைசியில் பிரஜேஷ் சிங் இறந்துபோனார். நான் அவர் மனைவி என்று காட்ட இந்தம்மா கையிலே ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருந்தும் அஸ்தியை எடுத்துக்கொண்டு, கங்கையில் கரைக்க, அவ்வளவு தூரம் வந்தார். (கைதட்டல்)

வந்தவர் இங்கேயே இருந்துவிட ஆசைப்பட்டார். பிரஜேஷ் சிங்கின் சகோதரர் மகன் தினேஷ் சிங் அப்போது வெளியுறவுத் துறையிலே மந்திரி. சொந்தக்காரரே மந்திரி! இருந்தும் நடக்கலை. ருஷ்யாவைப் பகைத்துக்கொள்ள தில்லிக்கு மனசில்லை.

1967 மார்ச் 6. தமிழ்நாட்டுக்கு மறக்காத தேதி. அன்றைக்குத்தான் அண்ணா முதலமைச்சராகப் பதவி ஏற்றார். அதே நாள் தில்லியிலே, 41 வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளே நடந்து போகிறார். இரண்டு நாளில் மாஸ்கோ திரும்பியாகணும் என்று அவருக்குக் கெடு. அமெரிக்கர்கள் அன்று இரவே ரோமுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து சுவிட்சர்லாந்து, ஏப்ரலிலே நியூயார்க்.

மாஸ்கோவிலே யார் இருந்தது? மகன் யோசிப், மருத்துவம் படிக்கிறான். மகள் காத்யா; 16 வயசு.

அவர் செய்தது தப்பு என்று சொல்ல நான் எழுந்திரிக்கலை. அந்த அப்பனுக்கு மகளாகப் பிறந்து பாருங்க, அப்புறம் தெரியும். ஆனா நடுவர் கேட்டது கணக்கு. கணக்கைத்தான் சொல்றேன்.

எதிரணி இனி வீடணனைக் கூப்பிடும். கூப்பிடட்டும்! அண்ணனை விட்டுக் கடல் தாண்டியவன்தான். கம்பனிலே அவன் மகள் திரிசடையும் இலங்கையிலேதான் இருக்கிறாள். ஆனால் போர் முடிந்ததும் அதே ஊருக்கு அரசனாகத் திரும்பினானே! வீடணன் அணிதான் மாறினான், ஊர் மாறலைங்க. (கைதட்டல்) நம்ம சேக்கிழாரும் சோழன் அவைக்கு அமைச்சராகப் போனார். அங்கே மனசைப் பறிகொடுத்த திருநாகேச்சரத்தை இதே குன்றத்தூரிலே கோயிலாக எழுப்பினார். அவருக்குத் திரும்பி வர ஊர் இருந்தது.

ஸ்வெட்லானாவும் திரும்பிப் போனார். 1984-ல், 17 வருஷம் கழித்து. அமெரிக்காவில் பிறந்த மகள் ஓல்காவையும் கூட்டிக்கொண்டு போனார். 13 வயசுப் பிள்ளை, ருஷ்ய மொழி தெரியாது. மகன் வந்து பார்த்தான், ஒட்டலை. காத்யா வரவே இல்லை. அவள் எங்கேயோ கம்சாத்காவிலே எரிமலை ஆராய்ச்சியில் இருந்தாள். மாஸ்கோ சரிவராமல் ஜார்ஜியா போனார். அதுவும் சரிவராமல் 1986-ல் மறுபடி அமெரிக்கா.

பணம் என்றீங்களே அம்மா? கொஞ்சம் காலாகாங்கரில் பிரஜேஷ் சிங் பெயரிலே ஆஸ்பத்திரி ஆச்சு. அது நல்ல காரியம். அப்புறம் அமெரிக்காவில் கட்டிக்கொண்ட புருஷனின் கடனை அடைத்தார். அந்தக் கல்யாணமும் 1973-ல் முறிந்தது. அவர் மூலமாக வந்த லானா பீட்டர்ஸ் என்ற பெயர் மட்டும் மிச்சம். அப்பன் பெயர் வேண்டாம் என்று 1957-லேயே அம்மா பெயருக்கு மாறியவர். பிறகு இந்தப் பெயர். 2011 நவம்பரில், 85 வயதில், விஸ்கான்சினிலே இறந்தபோது பத்திரிகைகள் என்ன போட்டன? ஸ்டாலின் மகள் மரணம்!

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை நடுவர் அவர்களே. அம்மையார் பதில் சொல்ல வரும்போது புத்தகத்திலே வந்த தொகையைத் தாராளமாகச் சொல்லட்டும். 1966 டிசம்பரில் மாஸ்கோவில் பிரிந்த அம்மாவும் காத்யாவும் சாகிறவரைக்கும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. அதையும் எந்தப் பக்கம் எழுதப் போகிறார் என்று கேளுங்க. (கைதட்டல்)