தொப்பியில் சூடிய பறவைகள்



நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்டிரின் தொப்பிகள் பல காக்கப்படுகின்றன. புரூக்ளின் அருங்காட்சியகத்தின் ஆடைத் தொகுப்பும் 2009இல் அங்குச் சேர்ந்தது. பட்டும் வெல்வெட்டும் கண்ணைக் கவர்வனவே. எனினும் அத்தொப்பிகளின் வரலாறு இறகில்தான் உள்ளது.

1886இல் பறவையியலார் பிராங்க் சாப்மன் அந்நகரத் தெருக்களில் நடந்தவாறே 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 இறகோ பறவையுடலோ தாங்கியிருந்தன. பூச்சூடும் மரபினர்க்கு இது வியப்பே! வெண்கொக்கின் மென்தூவிக்கு விலை மிகுதி. அத்தூவி இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும். ஆகவே கூட்டில் குஞ்சுகள் இருக்கையிலேயே பெற்ற பறவைகள் சுடப்பட்டன. குஞ்சுகள் பசியால் மடிந்தன.

பழியை அணிந்தோர்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. சுட்டவரும் இறகு வணிகரும் பெரும்பாலும் ஆடவரே. தடுக்க முன்னின்றோருள் பெண்களே மிகுதி. மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் 1889இல் எமிலி வில்லியம்சன் பறவைக் காப்புக் கழகம் கண்டார். பாஸ்டனில் 1896இல் ஹாரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் தேநீர் விருந்துகளில் தோழியரை இறகு துறக்கச் செய்தனர். அமெரிக்கா 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 1921இல் இறகு இறக்குமதியைத் தடுத்தது. தீக்கோழி இறகுக்கு அச்சட்டம் விலக்களித்தது. அதனைப் பறவையைக் கொல்லாமலே வெட்டியெடுக்கலாம்.