காவற்கண்ணும் செய்திக் கம்பியும்

கோட்டை கொத்தளங்கள் கட்டிய நாளிலிருந்தே மனிதன் பகைவனின் வரவை முன்கூட்டி அறிவதற்காக உயரமான இடங்களில் காவலாளிகளை நிறுத்தி வந்திருக்கிறான். காவலாளியின் கண் எவ்வளவு கூர்மையாயிருந்தாலும், அவன் கண்டது படைத் தலைவனின் செவிக்கு எட்டுவதற்குள் பகைவன் வாயிலை வந்தடைந்துவிட்டால் அக்கண்ணால் பயனில்லை. இராணுவக் கண்காணிப்பு ஏற்பாடுகளைத் திட்டமிடுவோர் முன் இன்றும் நிற்கும் முதற் கேள்வி இதுதான். கண்டறியும் கருவியைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் பின்னால் ஓடும் கம்பியைப் பற்றியும், கம்பியின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் ஆளைப் பற்றியும் பேசுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக, 1935 முதல் 1940 வரை இங்கிலாந்தில் உருவான ஓர் ஏற்பாட்டின் வரலாற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதல் உலக யுத்தத்தில் லண்டன் நகரின் மீது குண்டுகள் விழுந்தது முதல் ஆகாயத் தாக்குதலைப் பற்றிய அச்சம் அந்நாட்டை விட்டு நீங்கவில்லை. கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்னுமிடத்தில் 200 அடி நீளமுள்ள வளைந்த கான்கிரீட் சுவர் ஒன்றை எழுப்பி, தொலைவில் வரும் விமானத்தின் இரைச்சலை அதில் குவித்துக் கேட்க முயன்றார்கள். அச்சுவர் இன்றும் நிற்கிறது. ஆனால் விமானங்களின் வேகம் ஏற ஏற, செவிக்குக் கிடைத்த அவகாசம் குறைந்துகொண்டே வந்தது. ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதி சுமார் 21 மைல். மணிக்கு 200 மைல் வேகத்தில் வரும் விமானம் அதை ஆறு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும்.

அந்நாளில் விமான அமைச்சகத்தார் மரணக் கதிர் என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, அது சாத்தியமா என்று ராபர்ட் வாட்சன்-வாட் என்னும் வானொலி விஞ்ஞானியிடம் வினவினார்கள். அவருடைய உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் கணக்கிட்டுப் பார்த்து, கதிரால் விமானத்தை வீழ்த்த இயலாது என்று கண்டார். ஆயினும் விமானத்தின் மீது பட்டுத் திரும்பும் வானொலி அலையைக் கொண்டு அதன் இருப்பை அறியலாம் என்றும் கண்டார். 1935 பிப்ரவரி 26-ஆம் நாள் டாவென்ட்ரி என்னுமிடத்தில் சோதனை நடந்தது. இதற்கெனத் தனியே ஒலிபரப்புக் கருவி எதையும் அவர்கள் செய்யவில்லை. பி.பி.சி.யின் சிற்றலை நிலையம் எப்போதும்போல் அலைகளை வீசிக்கொண்டிருக்க, ஹேஃபோர்டு ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று அவ்வலைகளினூடே பறந்தது. வயல்வெளியில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் வாங்கிக் கருவியின் முன் அமர்ந்திருந்தவர்கள் அதன் எதிரொலியைச் சுமார் எட்டு மைல் வரை கண்டார்கள். இன்னிசைக்கும் செய்திக்கும் உரிய அலையே காவற் பணிக்கும் உதவிற்று என்பதை வானொலியில் பேசும் நான் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுவதை நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கிழக்கு, தெற்குக் கரைகளில் செயின் ஹோம் என்ற பெயருடைய ரேடார் நிலையங்கள் வரிசையாக எழுந்தன. அலையை வீசும் எஃகுக் கோபுரங்கள் 360 அடி உயரம். வாங்கும் மரக் கோபுரங்கள் 240 அடி. நுட்பத்தில் இவை சிறந்தவை என்று சொல்ல முடியாது. ஜெர்மானியரிடம் அப்போதே இருந்த ஃப்ரேயா என்னும் ரேடார் குறைந்த அலைநீளத்தில் இயங்கியது. திசையைச் செம்மையாகக் காட்டியது. இடம் விட்டு இடம் கொண்டு செல்லவும் இயன்றது. வாட்சன்-வாட் இதற்காகக் கவலைப்படவில்லை. மிகச் சிறந்தது ஒருபோதும் வந்து சேராது, அதற்கு அடுத்தது காலங்கடந்து வரும், ஆகவே மூன்றாந்தரமானதையே உடனே கொடுங்கள் என்பது அவர் கொள்கை. கொள்முதல் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் மேசை விட்டு மேசை நகர்வதைக் கண்டிருக்கும் எவருக்கும் இக்கொள்கையின் அருமை விளங்கும்.

1936-இல் போர் விமானப் படையின் தலைமையை ஏற்ற ஹியூ டௌடிங், ரேடார் என்ற கண்ணை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. பிக்கின் ஹில் விமான நிலையத்தில் நடந்த ஒத்திகைகளில் ஓர் உண்மை தெளிவாயிற்று. ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு மூன்று நிலையங்கள் ஒரே சமயத்தில் காணும்; ஒன்று இருபது விமானம் என்னும், மற்றொன்று ஐம்பது என்னும்; இடமும் சற்று முன்பின்னாக இருக்கும். இவை அனைத்தும் அப்படியே விமானத் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரு பகைக் கூட்டம் மூன்றாகப் பெருகித் தோன்றும். ஆகவே எல்லா நிலையங்களின் டெலிபோன் கம்பிகளும் லண்டனுக்கு அருகேயுள்ள பென்ட்லி பிரையரி மாளிகையில் ஓர் அறைக்குக் கொண்டுவரப்பட்டன. ஆங்கிலத்தில் அதற்கு ஃபில்டர் ரூம் என்று பெயர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு, வடிகட்டும் அறை என்றால் காப்பிக் கடை நினைவுக்கு வருகிறது. நெல்லையும் பதரையும் பிரிக்கும் வேலையாதலால் சலித்தெடுக்கும் அறை என்பதே பொருந்தும். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்குமாறு வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் கூறுவதை அவ்வறையினர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் செய்தது அதுவே.

சலித்தெடுத்த செய்தி அங்கிருந்து பிரிவுத் தலைமையகங்களுக்கும், விமானத் தளங்களை ஆளும் வட்டார நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் சென்றது. எங்கும் ஒரே மாதிரியான பெரிய மேசை. மேசைமீது நாட்டின் படம். அதன்மீது நீண்ட கோல்களால் அடையாள வில்லைகளை நகர்த்தும் பெண்கள். சுவர்க் கடிகாரத்தின் முகம் ஐந்து ஐந்து நிமிஷப் பகுதிகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. செய்தி வந்தபோது நிமிஷ முள் எந்த வண்ணத்தில் நின்றதோ அந்த வண்ண வில்லையை வைக்க வேண்டும். மாடத்திலிருந்து கீழே நோக்கும் அதிகாரி, எந்தச் செய்தி புதிது, எது ஆறிப்போனது என்பதை யாரையும் கேட்காமலே அறிந்துகொள்வார். இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது அந்த வண்ணக் கடிகாரமே. செய்திக்கும் வயது உண்டு என்பதைச் சாதாரணச் சாயத்தைக் கொண்டு காட்டிவிட்டார்கள்.

ரேடார் கடல் பக்கம் மட்டுமே பார்க்கும். கரையைத் தாண்டி உள்ளே வந்த விமானத்தைத் தொடர, தொலைநோக்கியும் டெலிபோனும் ஏந்திய தொண்டர் படையினர் ஊர்தோறும் காத்திருந்தார்கள். தம் நாட்டு விமானங்களின் இருப்பிடத்தை அறிய வேறொரு வழி இருந்தது. அவற்றிலுள்ள வானொலிக் கருவி நிமிஷத்துக்கு 14 வினாடி தானாகவே ஒலி எழுப்பும். தரையிலுள்ள திசையறி நிலையங்கள் அதைக் கேட்டு இடம் குறிக்கும்.

இவ்வளவும் ஒரே நாளில் சரியாக அமைந்துவிடவில்லை. யுத்தம் தொடங்கி மூன்றே நாளான 1939 செப்டம்பர் 6 அன்று, பகை விமானங்கள் வருவதாகத் தவறான எச்சரிக்கை எழுந்தது. அதை எதிர்க்கக் கிளம்பிய சொந்த விமானங்களும் படத்தில் பகை விமானங்களாகவே குறிக்கப்பட்டன; அவற்றை எதிர்க்க மேலும் விமானங்கள் கிளம்பின. முடிவில் ஸ்பிட்ஃபயர் விமானிகள் தம் படையின் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தினர். இளம் விமானி ஒருவர் உயிரிழந்தார். நண்பன் யார், பகைவன் யார் என்று காட்டும் கருவியை எல்லா விமானங்களிலும் பொருத்தும் வேலை இதன் பின்னரே விரைவு பெற்றது.

1940 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மானியர் டோவர், ரை, பெவன்சி, வென்ட்னர் ஆகிய ரேடார் நிலையங்களைத் தாக்கினர். வென்ட்னர் பல நாள் செயலிழந்தது. மற்றவை சில மணி நேரத்தில் மீண்டும் இயங்கின. வலைப்பின்னலாக அமைந்த எஃகுக் கோபுரங்களினூடே குண்டின் அதிர்ச்சி ஊடுருவிச் சென்றுவிட்டதால் அவை சாயவில்லை. மூன்று நாட்களுக்குப் பின், இந்நிலையங்களைத் தாக்குவதில் பயனுண்டா என்று கோரிங் ஐயம் தெரிவித்தார். அத்தாக்குதல்களும் பெரும்பாலும் நின்றன. கோபுரத்தைக் கண்ட அவர், அதன் பின்னால் ஓடிய கம்பிகளின் மதிப்பைக் காணவில்லை. உண்மையில் எளிதில் உடையக்கூடியவை வட்டார நிலையங்களின் செயலறைகளே. அவற்றுள் பல தரைக்கு மேலேயே இருந்தன. கென்லி தளம் தாக்கப்பட்ட பின் அதன் செயலறை கேட்டர்ஹாம் ஊரிலிருந்த பழைய கசாப்புக் கடை ஒன்றுக்கு மாறிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் பிக்கின் ஹில் தளத்தின் மீது குண்டுகள் விழுந்தபோது, ஹெலன் டர்னர், எல்ஸ்பெத் ஹெண்டர்சன் என்ற இரு பெண்கள் டெலிபோனை விட்டு அகலாமல் பணி புரிந்து இராணுவப் பதக்கம் பெற்றார்கள். அறுந்த கம்பிகளைத் தபால் இலாகா ஊழியர்கள் குண்டுக் குழிகளில் இறங்கி இணைத்தார்கள்.

இன்று நம் விமானப் படையின் ஒருங்கிணைந்த ஆகாயக் கட்டுப்பாட்டு அமைப்பில் இப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. 2010-இல் தொடங்கப்பெற்ற ஏ.எஃப்.நெட் என்னும் கண்ணாடியிழைப் பின்னல், அன்று டெலிபோன் கம்பி இருந்த இடத்தில் இருக்கிறது. மேசையும் கோலும் போய்விட்டன. பல ரேடார்கள் கண்டதை ஒரே படமாக்கும் வேலை மட்டும் போகவில்லை.

கண் இருந்தும் கம்பியின் மறுமுனை ஒழுங்காக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் நடந்ததைக் காண்போம். ஒப்பானா என்ற குன்றில் அமெரிக்கப் படையினர் இருவர் ரேடார் கருவி முன் இருந்தனர். அவர்களுடைய முறை காலை 7 மணிக்கு முடிந்தது. உணவுக்கு அழைத்துச் செல்லும் வண்டி வரவில்லையாதலால் கருவியை அணைக்காமல் பழகிக்கொண்டிருந்தனர். 7 மணி 2 நிமிஷத்துக்கு, 130 மைலுக்கும் அப்பால் மிகப் பெரிய விமானக் கூட்டம் ஒன்று தெரிந்தது. கருவி தன் கடமையைக் குறைவறச் செய்தது. செய்தி மையத்தை டெலிபோனில் அழைத்தார்கள். அங்கே படத்தில் குறிப்போர் 7 மணிக்கே சிற்றுண்டிக்குப் போய்விட்டார்கள். வருவது யாருடைய விமானம் என்று சொல்லக்கூடிய கடற்படைத் தொடர்பு அதிகாரி அங்கே நியமிக்கப்பட்டிருக்கவில்லை. இருந்தவர் அப்பணிக்குப் புதிய இளம் அதிகாரி ஒருவர். கலிபோர்னியாவிலிருந்து அன்று காலை சொந்த விமானங்கள் வரவிருந்தன. இவை அவையே என்று எண்ணி, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குன்றின் மேலிருந்தவர்கள் அக்கூட்டம் கரையை நெருங்கும்வரை அதைத் தொடர்ந்து குறித்துவிட்டு, 7 மணி 39 நிமிஷத்துக்குக் கருவியை அணைத்து வண்டியில் ஏறினர். 7.55-க்கு முத்துத் துறைமுகத்தின் மீது முதற் குண்டுகள் விழுந்தன. அன்று மாண்ட அமெரிக்கர் 2,400 பேருக்கு மேல்.

அந்த அதிகாரியின் மீது நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று பின்னர் விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். வேலை இன்னதென்று அவருக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. தாக்குதலுக்குப் பின் அச்செய்தி மையத்தில் இரவும் பகலும் ஆட்கள் இருக்குமாறு ஏற்பாடாயிற்று.