காற்றை நிறுக்கும் கருவி



ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அறியாதவர் நாஞ்சில் நாட்டில் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் அது குடையைப் பிடுங்கும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும். அக்காற்றின் வேகத்தை யாவரும் பேசுவர். அதன் எடையைப் பேசுவார் அரியர். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ இருக்கும் என்று வகுப்பில் நான் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிய வேண்டுமானால் 12 கிலோ அளவுக்குக் காற்று வேண்டும். அதாவது சுமார் 10,000 லிட்டர். குடிப்பது ஒரு குவளை, மூச்சு விடுவதோ ஓர் அறை நிறைய!

மின்னணுக் கட்டுப்பாடுள்ள டீசல் வண்டிகள் பலவற்றில் இந்தக் காற்றை நிறுக்க ஒரு சிறு கருவி உண்டு. ஏர் பில்டர் பெட்டியை அடுத்து, டர்போவுக்குச் செல்லும் குழாயில் அது அமர்ந்திருக்கும். அதன் தத்துவம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. சூடான காப்பியை ஊதினால் ஆறுகிறது. பலமாக ஊதினால் விரைவில் ஆறுகிறது. மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதற்கு 1914-இல் கணக்கு வகுத்துத் தந்தவர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி கிங் என்பவர். வண்டியில் உள்ள கருவியிலும் ஒரு கம்பியோ மெல்லிய படலமோ காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் சூட்டில் வைக்கப்படுகிறது. அச்சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அதைக் கொண்டு உள்ளே போகும் காற்றின் எடை அறியப்படுகிறது. கன அளவை விட்டு எடையைக் கேட்பானேன் என்றால், வெயிலில் காற்று விரிகிறது, மலைமேல் மெலிகிறது. எரிவதற்கு உதவுவது எடையே.

இத்தனையும் எனக்கு இன்று தெரியும். 2022-ஆம் ஆண்டில் அரைகுறையாகத்தான் தெரியும். அதன் பலனைச் சொல்லுகிறேன்.

என்னிடம் பயின்ற ஒருவன் தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றிச் செல்லும் சிறு லாரி வைத்திருக்கிறான். பழைய வண்டி, கடன் பட்டு வாங்கியது. பூ வியாபாரத்தில் நேரமே முதல். விடிந்தபின் போய்ச் சேரும் பிச்சிப்பூவை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. அவ்வாண்டு ஓணத்துக்குச் சில நாட்களே இருக்கையில் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“ஏத்தத்திலே வண்டி இழுக்க மாட்டேங்கு ஸார். டீசல் பில்டர் மாத்தியாச்சு. மஞ்ச லைட்டும் எரியுகு. சென்ஸரை மாத்தணும்ணு சொல்லுகாங்க. கையிலே பணமில்லை.”

“மாற்றுவானேன்? அழுக்குப் படிந்திருக்கும், துடைத்தால் போயிற்று” என்றேன். நோய் இன்னதென்று கூறியதில் பிழையில்லை. அழுக்கு படிந்தால் அது போர்வைபோல் மூடிக்கொள்ளும்; காற்று குறைவாக வருவதாகக் கருவி பொய் சொல்லும்; அதை நம்பிய கணினி டீசலைக் குறைக்கும்; வண்டி திணறும். மருந்தில்தான் பிழை. கருவியைக் கழற்றச் செய்து, என் மேல்துண்டின் நுனியைத் திரித்து உள்ளே விட்டு, கரும்பலகையைத் துடைக்கிற உரிமையோடு துடைத்தேன். மயிரிழையினும் மெல்லிய அந்தப் படலம் போயிற்று. வண்டி முன்னைவிட மோசமாயிற்று.

ஓணக் காலத்தில் இரண்டு இரவுகள் அவன் வண்டி ஓடவில்லை. புதிய கருவிக்கு என் ஓய்வூதியத்திலிருந்து பணம் கொடுத்தேன். வாங்க மறுத்தான், வற்புறுத்தியபின் பாதியை வாங்கிக்கொண்டான். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அதன்பின்தான் முறையாகப் படித்தேன். மறு ஆண்டு அதே திணறல் வந்தது. இம்முறை முதலில் குழாயைத் தடவிப் பார்த்தோம். கருவிக்கு அப்பால் குழாயில் கிழிசல் இருந்தால், நிறுக்கப்படாத காற்று உள்ளே நுழைந்து இதே குறியைக் காட்டும். கருவியின்மேல் பழி விழும். கிழிசல் இல்லை. இயந்திரம் ஆறியபின், திறந்த வெளியில், சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். மின்செருகியைப் பூட்டு அமுக்கி எடுத்து, இரண்டு திருகுகளை நீக்கி, கருவியை உருவினோம். இதற்கென்றே விற்கும் தெளிப்பு மருந்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு முறை பீச்சினோம். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும். கார்புரேட்டர் கழுவும் மருந்து கூடாது, பிளாஸ்டிக்கை அரிக்கும். துணி, தூரிகை, காற்றுக் குழல் எதுவும் கூடாது. விரல் படவே கூடாது. அரைமணி நேரம் தானாக உலர விட்டோம். பொறுமையற்றவர்க்கு இந்த அரைமணிதான் கடினம். நான் இரண்டு முறை ஊதப் போனேன், அவன் தடுத்தான்.

ஆயினும் ஓராண்டுக்குள் மறுபடி அழுக்கேறியது ஏன்? பில்டர் பெட்டியைத் திறந்ததும் விடை கிடைத்தது. தூசியை நன்றாகப் பிடிக்கட்டும் என்று யாரோ காகித பில்டருக்கு எண்ணெய் தடவியிருந்தார்கள். அந்த எண்ணெய் காற்றோடு போய்ப் படலத்தில் ஒட்டி, செங்கல் சூளைப் பக்கத்துச் செம்மண் தூசியை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. பில்டரை மாற்றினோம். விளக்கு அணைந்தது, அன்றிரவு பூ நேரத்தில் போய்ச் சேர்ந்தது. படலமே பழுதாகியிருந்தால் எந்த மருந்தும் பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது பில்டர் மாற்றும்போதெல்லாம் கருவியையும் அவனே கழற்றிப் பார்க்கிறான். என்னையும் அழைப்பான். “ஸார், கையை மட்டும் பின்னாலே கெட்டிக்கிட்டு நில்லுங்க” என்பான். அப்படியே நிற்கிறேன்.