பாலாற்றை எந்தக் கோலால் அளப்பது?



நந்தி மலைப் பகுதியில் தோன்றி வயலூரில் கடலில் கலக்கும் பாலாற்றின் ஓட்டத்தை மனிதர் எவ்வளவு மாற்றியிருக்கிறோம் என்று அளப்பதற்காகப் புள்ளலூரில் கூடியிருக்கிறோம். ஆண்டு வரத்தைக் கூட்டிச் சராசரி கண்டு, பழைய சராசரியிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று சொல்வதே இதுவரை வழக்கம். பாலாற்றுக்கு அந்தக் கணக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கனஅடி பாய்ந்தது. அப்படிச் சில நாள் வெள்ளம் போதும், அந்த ஆண்டின் சராசரி நிமிர்ந்துவிடும். மற்ற மாதங்களில் ஆறு எப்படிக் கிடந்தது என்பதை அந்த எண் சொல்லாது. 1996-இல் பிரையன் ரிக்டரும் அவருடைய குழுவினரும் வகுத்து, பின்னர் 33 ஆக விரிந்த அளவைகள் மாதவாரி ஓட்டம், உச்சமும் தாழ்வும், அவை நேரும் நாள், எத்தனை முறை நேர்கின்றன, நீர் ஏறி இறங்கும் வேகம் என ஆற்றைப் பல பக்கங்களிலிருந்து பார்க்கின்றன. நீரே ஓடாத நாட்களின் எண்ணிக்கையும் அவற்றில் ஒன்று. நமக்கு முதலில் வேண்டியது அந்த எண்ணிக்கைதான்.

மனிதக் கை படாத பாலாறு எப்போது இருந்தது, எதனோடு ஒப்பிடுவீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 921-லேயே இங்கே ஏரி வாரியம் இருந்ததைக் காட்டுகிறது. 1850-களில் கட்டிய அதே வாலாஜா அணைக்கட்டு காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, தூசி மாமண்டூர் ஏரிகளுக்கு நீரைத் திருப்பியது. ஆனால், கன்னி ஆற்றைத் தேடவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அணைக்கட்டுக்குப் பின், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின், மணல் அள்ளத் தொடங்கியபின் என ஒவ்வொரு கட்டத்தையும் அதற்கு முந்திய கட்டத்தோடு ஒப்பிட்டால் போதும். எல்லா மாற்றமும் ஒரே தன்மையுடையதும் அல்ல. ஏரி வெள்ளத்தைத் தேக்கி மெல்ல மண்ணுக்குள் இறக்கும். ஆழ்துளைக் கிணறோ ஆற்றுக்கு அடியில் ஊறி வரும் நீரையே இழுத்துவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் அளவை நமக்குத் தவறான வழியைத்தான் காட்டும்.

மழை குறைந்ததால் ஆறு வறண்டது என்பது அடுத்த வாதம். மத்திய நீர்வள ஆணையம் செங்கல்பட்டில் பாலாற்றையும், மாகறலில் செய்யாற்றையும் அளந்து வருகிறது. செய்யாறு ஜவ்வாது மலையில் தோன்றித் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாற்றின் மேற்பகுதியில் அண்டை மாநிலங்கள் கட்டியவை போன்ற தடுப்பணைகள் அதன் குறுக்கே இல்லை. கீழ்ப்பகுதியில் இரண்டு ஆறுகளுக்கும் பெரும்பாலும் அதே வடகிழக்குப் பருவமழைதான். ஒத்த மழை பெய்த ஆண்டுகளில் பாலாற்றின் வறண்ட நாட்கள் மட்டும் கூடியிருந்தால், பழியை மழைமேல் போட முடியாது. செய்யாற்றிலும் ஏரிகளும் கிணறுகளும் உண்டு. எனவே இந்த ஒப்பீடு முழுப் பாதிப்பைச் சொல்லாது, கூடுதல் பாதிப்பைச் சொல்லும். அதுவே பெரிய லாபம்.

மணல் அள்ளியதன் விளைவை இங்கே அழுத்திச் சொல்லியாகவேண்டும். படுகை தாழ்ந்தால் அதே நீர் அளவுகோலில் தாழ்ந்த மட்டமாகத் தெரியும். பழைய அட்டவணையைக் கொண்டு அந்த மட்டத்தைக் கனஅடியாக்கினால், ஓடிய நீரே குறைந்ததாகக் கணக்கு வந்துவிடும். படுகையின் குறுக்குவெட்டை மீண்டும் மீண்டும் அளக்காமல் எந்தத் தொடரையும் நம்பக்கூடாது. மணலோடு போனவை ஊற்றுக்கால்களும்தான். கோடையிலும் மணலுக்கடியில் நகர்ந்த நீரை வயலுக்குக் கொண்டுவந்த அந்தக் கால்வாய்களை மேற்பரப்பு ஓட்டத்தை மட்டும் பார்க்கும் எந்தப் பதிவும் பிடிக்காது. ஆகவே ஆற்றோரக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஓட்டப் பதிவோடு மாதவாரியாகச் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர்தோறும் ஏரி நிரம்பிக் கலங்கல் போன தேதிகளையும், பாசன நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டிகளிடமும் பழைய பதிவேடுகளிலும் தேடித் தொகுக்கவேண்டும். கருவி வைக்காத இடங்களில் வெள்ளம் வந்து சேர்ந்த நாளுக்கு அந்தத் தேதிகளே சாட்சி. இவற்றைத் தொகுக்கும் முறையை இன்று பிற்பகல் அமர்விலேயே வகுத்துக்கொள்வோம் என்று முன்மொழிந்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.