சென்னையில் கண்டறிந்த சில்வியா: ஒரு கரிய சிறுகோளின் வரலாறு



அறிவியலைத் தமிழில் கற்பிக்கப் பாடுபட்ட ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் அறக்கட்டளையின் மேடை இது. இங்கே பேச, நம் ஊரிலிருந்து கண்டறியப்பட்டும் நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு வான்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் சில்வியா. சிறுகோள்களின் பட்டியலில் அதன் எண் 87.

1866 மே 16 அன்று சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து நார்மன் ராபர்ட் போக்சன் அதைக் கண்டார். 1861இல் அரசு வானியலாளராக இங்கு வந்த போக்சன், அந்த ஆண்டே ஏசியா என்ற சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா ஆகியவற்றையும் அவர் சென்னையிலிருந்தே கண்டார். சிறுகோளைத் தேட ஒளிப்படத் தகடு பயன்படாத காலம் அது. விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் வானத்தைப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறினால்தான் சிறுகோள் என்று உறுதியாகும். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். இப்படிப் பொறுமையும் கூர்மையும் உள்ள கண்கள் சேர்ந்து வளர்த்த ஆய்வகம் அது.

போக்சன் கண்டது ஓர் ஒளிப்புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளி எப்படிப்பட்டது என்று அறிய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில் சில்வியா சுற்றுகிறது. சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு ஏறத்தாழ 52 கோடி கிலோமீட்டர். ஒருமுறை சுற்றிவர ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவோ ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமே போதும். நீள்வடிவான அதன் சராசரி விட்டம் சுமார் 270 கிலோமீட்டர். மேல்விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கு அளவே அது திருப்பி அனுப்புகிறது. கரிமச் சேர்மங்கள் மிகுந்த மேற்பரப்பே இந்தக் கருமைக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள், கடுமையாகச் சூடாகி உருமாறாமல், இத்தகைய கரிய சிறுகோள்களில் பெருமளவு எஞ்சியிருக்கிறது. ஆகவே கோள்கள் எதிலிருந்து பிறந்தன என்று கேட்பவர்கள் இவற்றைத்தான் முதலில் ஆராய்கிறார்கள்.

2001இல் மைக்கேல் பிரவுனும் ஜான்-லுக் மார்கோவும் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியால் சில்வியாவுக்கு ஒரு நிலவு இருப்பதைக் கண்டார்கள். சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கி 2004இல் எடுத்த படங்களில், ஃபிராங்க் மார்ஷி குழுவினர் இரண்டாவது நிலவையும் கண்டுபிடித்து 2005இல் அறிவித்தார்கள். இரண்டு நிலவுகள் கொண்டதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாவே. ரோமானியத் தொன்மத்தில் ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளான ரோமுலஸ், ரீமஸ் ஆகியோரின் பெயர்களே நிலவுகளுக்கும் இடப்பட்டன.

நிலவு கிடைத்தால் எடை கிடைக்கும். ரோமுலஸ் சுமார் 1,350 கிலோமீட்டர் தொலைவில் 3.65 நாளுக்கு ஒருமுறை சில்வியாவைச் சுற்றுகிறது. இந்த இரண்டு எண்களையும் கெப்ளரின் மூன்றாம் விதியில் நியூட்டன் தந்த வடிவத்தில் இட்டால் சில்வியாவின் நிறை வந்துவிடும். நிறையைக் கன அளவால் வகுத்தபோது அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகமாக, அதன் 1.2 முதல் 1.4 மடங்கு வரை இருந்தது. பாறைக்கு இது மிகக் குறைவு. ஆகவே உள்ளே வெற்றிடம் நிறைய இருக்க வேண்டும். பழைய மோதலில் சிதறிய துண்டுகள் ஈர்ப்பால் மீண்டும் சேர்ந்த ஜல்லிக் குவியல் இது என்று 2005இல் மார்ஷி குழுவினர் விளக்கினார்கள். 2021இல் வெளியான ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. நிலவுகளின் பாதைகளைக் கணக்கிட்டு, நடுவில் அடர்ந்த பகுதியும் சுற்றிலும் அடர்த்தி குறைந்த போர்வையும் இருக்கக்கூடும் என்று அது காட்டியது. போக்சனின் ஒளிப்புள்ளிக்கு இப்போது வடிவமும் எடையும் உள்ளமைப்பும் உண்டு.

மாணவர்களே, ஒன்றை உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த அறிவு பெரிய தொலைநோக்கிகளால் மட்டும் வந்ததல்ல. 2013 ஜனவரி 6 அன்று சில்வியா ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. ஐரோப்பாவில் பல இடங்களிலிருந்து, தொழில்முறை சாராத ஆர்வலர்களும் சேர்ந்து, விண்மீன் மறைந்த நொடியையும் மீண்ட நொடியையும் பதிந்தார்கள். சில்வியாவின் உருவக்கோடு மட்டுமல்ல, ரோமுலஸ் நீண்ட வடிவம் கொண்டது என்பதும் அதிலிருந்து தெரியவந்தது. இதற்கு வேண்டியவை நல்லதொரு சிறு தொலைநோக்கி, ஒரு கேமரா, துல்லியமான நேரம், ஒருங்கிணைந்து செயல்படும் மனம். இவை நம் கல்லூரிகளுக்கு எட்டாதவை அல்ல.

சிறுகோள் ஆய்வு நமக்கு அந்நியமும் அல்ல. 1988இல் தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்திலிருந்து வானியலாளர் ராஜமோகன் கண்டறிந்த சிறுகோள் கணிதமேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே இந்த அவையிலுள்ள இயற்பியல் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். சிறுகோள் மறைப்புகளைப் பதியும் மாணவர் குழு ஒன்றை உங்கள் கல்லூரியில் தொடங்குங்கள். பக்கத்து மாவட்டக் கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடங்கள் கூடக் கூடத்தான் உருவம் தெளிவாகும். கிடைத்த அளவீடுகளை உலக ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள், அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். இந்த அறக்கட்டளைக்கு உரியவரை நினைவுகூர அதைவிடச் சிறந்த வழி இல்லை.