ஆறிய புண்ணும் ஆறாத துளையும்



நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஒற்றசேகரமங்கலம் போன்ற சிற்றூர்களில் தென்னை ஏறுவதும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதும் பலருக்குப் பிழைப்பு. மரத்திலிருந்து தவறி விழுபவர் வேலிக்கம்பிலோ இடுப்பிலுள்ள கத்தியிலோ குத்துண்டு போவதுண்டு. புண் ஆறியதும் ஆபத்து நீங்கிற்று என்றே நாம் எண்ணுகிறோம். எல்லா வேளையிலும் அஃது உண்மையன்று.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத்திரை உண்டு. மூச்சை முழுதும் வெளிவிடும்போது அது ஏறத்தாழ முலைக்காம்பின் மட்டம் வரை உயர்கிறது. ஆகவே அம்மட்டத்திற்குக் கீழே மார்பில் விழும் குத்து இத்திரையையும் கிழித்து வயிற்றினுள் இறங்கியிருக்கலாம். ஓயாமல் அசையும் திரையாதலால் துளை தானே மூடுவது அரிது. மூச்சு இழுக்குந்தோறும் வயிற்றுறுப்புகள் மார்பை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. வலப்புறத்தை ஈரல் காக்கிறது. இடப்புறத்திலோ இரைப்பையும் குடலும் மெல்ல மேலேறுகின்றன.

பிரெஞ்சு ரணவைத்தியர் அம்புருவாஸ் பாரே 1579-இல் ஒரு பீரங்கிப்படைத் தலைவனைப் பற்றி எழுதினார். குண்டடிக்குத் தப்பிய அவன், எட்டுத் திங்கள் கழிந்து கடுங்குடல்வலியால் மாண்டான். உடலை அறுத்துப் பார்த்தபோது, சுண்டுவிரல் நுனியே நுழையத்தக்க துளையில் பெருங்குடல் நெரிபட்டிருந்தது.

இன்று இந்நோயைக் கண்டறிய வழிகள் உள. ஆனால் ஐயம் முதலில் எழ வேண்டும். மார்பில் ஏறிய இரைப்பை, எக்ஸ்ரே படத்தில் நுரையீரலைச் சூழ்ந்த காற்றைப் போலத் தோன்றி ஏமாற்றும். அதை நம்பி விலாவில் குழாய் செருகினால் இரைப்பையே துளைபடும். மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் விட்டுப் படமெடுத்தால், குழாயின் நுனி மார்பில் தெரிந்து உண்மை வெளிப்படும். சி.டி. ஸ்கேனும், சிறு துளை வழியே கருவி செலுத்தி உள்ளே காண்பதும் துணைபுரிகின்றன. மருத்துவர் வயிற்றையோ மார்பையோ திறந்து, உறுப்புகளை இறக்கி, கரையாத நூலால் துளையைத் தைக்கிறார். குடல் நெரிந்து அழுகுமுன் செய்தால் பயன் பெரிது. பிந்தினால் உயிருக்கே கேடு.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் பொருந்தும். ஊரில் பட்ட குத்துக்குப் பத்தாண்டு கழித்து மும்பையிலோ தில்லியிலோ வலி எழலாம். அங்குள்ள மருத்துவருக்கு நம் தழும்பின் கதை தெரியாது. உண்டபின் மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல், வாந்தி ஆகியவை கண்டால், பழைய காயத்தை நாமே எடுத்துரைக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டையும் காத்து வைக்க வேண்டும். புதிதாகக் குத்துப்பட்டவர் உடலில் கத்தியோ கம்போ தைத்து நின்றால் அதைப் பிடுங்கலாகாது. அசையாமல் பற்றி, விரைந்து மருத்துவமனை சேர்த்தலே கடன்.